இருபத்துநாலு வீட்டுச் சாசனம்

வாங்க தம்பி, வாங்க. ஜட்ஜம்மாவைப் பாக்கணும்னு வாச்மேன் சொல்லிவிட்டானா? சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கீங்க. செருப்பை அங்கனயே விடுங்க, யாரும் தூக்க மாட்டாங்க. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். இதுல உக்காருங்க.

ஜட்ஜம்மான்னதும் ஹைகோர்ட்டோ ஜில்லா கோர்ட்டோன்னு நினைச்சு, இந்தச் சித்திரை வெயில்ல கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க. கழட்டுங்க, கழட்டுங்க. அவ ஜட்ஜு இல்ல. அதாவது, ஜட்ஜுதான். இந்தப் பொருநை அடுக்ககத்துல இருக்க இருபத்துநாலு வீட்டுக்கு மட்டும் ஜட்ஜு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவ. பேரு உலகம்மாள். என் சம்சாரம். அவளை ஜட்ஜா நியமிச்சதே நான்தான். அதுவும் ஆயுசு பூரா. நான் செஞ்ச தப்புகள்ல அது ரெண்டாவது. முதல் தப்பு என்னன்னு அப்புறம் சொல்லுதேன்.

அவ மாடிக்குப் போயிருக்கா, இப்ப வந்துருவா. நீங்க பாக்க வந்த இருபத்திரண்டாம் நம்பர் வீட்டுச் சாவி அவகிட்டதான் இருக்கு. வந்ததும் காப்பி போட்டுத் தருவா. நானே போடலாம், ஆனா அவ போட்டாதான் நல்லா இருக்கும். பேங்குலயா வேலை? மாத்தலா? நல்லது. படிச்ச ஆளா இருக்கீங்க, உங்ககிட்ட நான் விஷயத்தை முழுசாச் சொல்லலாம். சொல்லிட்டு ஒரு சின்ன உதவியும் கேக்கப் போறேன். பயப்படாதீங்க, பணம் இல்ல. ஒரு கையெழுத்து.

போன வருஷம் அமெரிக்காவுக்கு மக வீட்டுக்குப் போயிருந்தோம். பிலடெல்பியா பக்கத்துல. ஆறு மாசம். ஒரு ஞாயித்துக்கிழமை மருமகன் எங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் ஒரு மணியைக் காட்டினார். பெரிய மணி, வயித்துல இருந்து வாய் வரைக்கும் விரிசல். நம்ம ஊர்க் கோயில்ல மணி விரிசல் விட்டா என்ன செய்வோம்? உருக்கி வேற வார்ப்போம். அவங்க அதுக்குன்னு ஒரு கட்டடம் கட்டி, ஜனங்களை வரிசையில நிப்பாட்டி, பையைச் சோதனை போட்டு உள்ள விடுதாங்க. “இது அடிக்குமா மாப்பிள்ளை?”ன்னு கேட்டேன். “அடிக்காது மாமா”ன்னார். “பின்ன எதுக்கு வச்சிருக்காங்க?” “சுதந்திரத்துக்கு”ன்னார். நான் மேக்கொண்டு கேக்கலை. அவரு பெட்ரோல் போட்டு ஓட்டிக்கிட்டு வந்திருக்காரு.

அதுக்குப் பக்கத்துலயே ஒரு செங்கல் கட்டடம். அங்கனதான் அவங்க நாட்டுச் சாசனத்தை எழுதினாங்களாம். அம்பத்தஞ்சு பேர். கோடைக்காலம். வெளிய யாருக்கும் பேச்சு கேட்டுரக்கூடாதுன்னு ஜன்னலையெல்லாம் அடைச்சுக்கிட்டு, கோட்டை மாட்டிக்கிட்டு, வேர்த்து விறுவிறுத்து எழுதியிருக்காங்க. வாசல்ல ஒரு குட்டிப் புத்தகம் வித்தாங்க. அந்தச் சாசனம் முழுசும் சட்டைப் பைக்குள்ள அடங்குது தம்பி! நான் முப்பத்திரண்டு வருஷம் பத்திரப்பதிவுத் துறையில இருந்தவன். கிளார்க்காச் சேந்து சப்-ரிஜிஸ்திராரா வெளிய வந்தேன். ஒரு நாட்டுக்கே மூலப் பத்திரம் நாலு பக்கம், ஏழு ஷரத்துன்னா எனக்கு எப்படி இருக்கும்? மேலப்பாளையத்துல அண்ணன் தம்பி ரெண்டு சென்டைப் பாகம் பிரிச்சா நம்ம ஆளுங்க பதினாலு பக்கம் எழுதுவாங்க.

வீட்டுக்கு வந்து அதை வரிவரியாப் படிச்சேன். படிக்கப் படிக்க எனக்கு அந்த ஆளுங்களை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஏன் சொல்லுங்க? அவங்க யாரையும் நம்பலை. ஒரு ராஜாவை விரட்டிவிட்டுட்டு உக்காந்திருக்காங்க. இன்னொரு ராஜா நமக்குள்ள இருந்தே கிளம்பிரக்கூடாதேன்னு ஒவ்வொரு வரியும் பயந்து பயந்து எழுதியிருக்காங்க. சட்டம் போடுதவன் ஒருத்தன், அதை நடத்துதவன் ஒருத்தன், தப்பு சரி சொல்லுதவன் ஒருத்தன். மூணு பேரும் ஒருத்தன் காலரை ஒருத்தன் பிடிச்சுக்கிட்டே நிக்கணும். எவனும் தனியா ஓடிர முடியாது. நானும் என் சர்வீஸ்ல யாரையும் நம்பினதில்ல. சொந்த மாமா பத்திரத்தைக்கூட வில்லங்கம் பாத்துத்தான் பதிஞ்சேன். நம்ம ஆளுங்கதான்னு தோணிச்சு.

ஊருக்குத் திரும்பினதும் முடிவு பண்ணிட்டேன், நம்ம அடுக்ககத்துக்கும் ஒரு சாசனம். அப்ப நான் சங்கத் தலைவர். ஒன்பது வருஷம் தொடர்ந்து தலைவர். ஒவ்வொரு தடவையும் போட்டியே கிடையாது. தேர்தல்னு சொன்னா எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவாங்க, அவ்வளவு நம்பிக்கை என் மேல.

எழுத மூணு வாரம் ஆச்சு. அவங்க மாதிரியே ஜன்னலை அடைச்சுக்கிட்டுத்தான் எழுதினேன். ஆனா ஏ.சி. போட்டுக்கிட்டேன். அவங்க அம்பத்தஞ்சு பேர், நான் ஒருத்தன், அதனால வாக்குவாதம் இல்ல. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். உலகம்மாதான் பக்கத்துல உக்காந்து நல்ல பிரதி எடுத்தா. அவ கையெழுத்து அச்சு மாதிரி. எழுதிக்கிட்டே வந்தவ ரெண்டாம் ஷரத்துல பேனாவை நிப்பாட்டிட்டு, “ஏங்க, இது இப்படியே இருக்கட்டுமா?”ன்னு கேட்டா. “நீ எழுது, யோசிக்கதுக்கு நான் இருக்கேன்”னு சொன்னேன். அவளும் எழுதிட்டா.

அந்த ரெண்டாம் ஷரத்துதான் தம்பி முதல் தப்பு. அது என்னன்னு சொல்லணும்னா தனசிங்கைப் பத்திச் சொல்லணும்.

தனசிங் மேல் தட்டுல, அதாவது ரெண்டாவது மாடியில, இருபத்து மூணாம் நம்பர் வீடு. நீங்க வந்தா உங்களுக்குப் பக்கத்து வீடு. ஸ்கூல்ல டிரில் வாத்தியார். வாடகைக்கு இருக்கான். நல்ல பையன்தான், நான் குறை சொல்லல. ஆனா மோட்டார் ரிப்பேர்னா ஜனங்க என்கிட்ட வராம அவன்கிட்ட போறாங்க. ஏன் போகணும்? நான் முறைப்படி மூணு இடத்துல விலை கேட்டு, தீர்மானம் போட்டு, மெக்கானிக்கைக் கூப்பிடுவேன். நாலு நாள் ஆகும். அவன் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒரு மணி நேரத்துல ஓட விட்டுருதான். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? அடுத்த தடவை அவனையே தலைவராப் போட்டுருவோமான்னு மேல் தட்டுல பேசிக்கிடுதாங்கன்னு என் காதுக்கு வந்துச்சு.

அதனால எழுதினேன்: ‘எவர் பெயரில் வீட்டுப் பத்திரம் பதிவாகியிருக்கிறதோ, அவர் மட்டுமே தேர்தலில் நிற்கவும் வாக்களிக்கவும் உரிமை உடையவர்.’ மேல் தட்டு எட்டு வீடும் வாடகை வீடு, சொந்தக்காரங்க மஸ்கட், மும்பைன்னு இருக்காங்க. பவர் எழுதி வாங்கிட்டு வந்து நின்னாலும் நிப்பானேன்னு, ‘இதற்குப் பவர் பத்திரம் செல்லாது’ன்னு ஒரு வாலையும் சேத்தேன். ஷரத்துன்னா அப்படி இருக்கணும், எலி கூட நுழைய முடியாது.

அநியாயம்னு நினைக்கீங்களா? முகத்துல தெரியுது. அமெரிக்காக்காரன் மட்டும் என்ன செஞ்சான்? மனுஷன் எல்லாரும் சமம்னு பிரகடனம் எழுதினவங்கள்லயே பாதிப் பேர் வீட்டுல அடிமை வச்சிருந்திருக்காங்க. பிரதிநிதி எண்ணிக்கைக்கு மட்டும் அந்த அடிமைங்களை அஞ்சுல மூணு பங்கு ஆளாக் கணக்குல சேத்துக்கிட்டாங்களாம். ஓட்டு? ஒரு பங்கு கூடக் கிடையாது. நான் வாடகைக்காரங்களை முழு ஆளாத்தான் வச்சிருந்தேன். மாசச் சந்தா முழுசா வாங்கினேன், தண்ணி முழுசா விட்டேன். ஓட்டு ஒண்ணுதான் இல்ல.

ஐப்பசியில கூட்டம் போட்டு நிறைவேத்தினேன். ஜாங்கிரி, காராசேவு. சொந்தக்காரங்க எல்லாரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டாங்க. ஒரே ஒரு ஆள் மட்டும் முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் நின்ன வாக்குல படிச்சான். தனசிங். அவனுக்குக் கையெழுத்துப் போட உரிமையே இல்ல. படிச்சுட்டு, “நல்லா எழுதியிருக்கீங்க அண்ணாச்சி”ன்னு சொல்லிட்டு காராசேவு எடுத்துக்கிட்டுப் போயிட்டான். பாராட்டிட்டுப் போறான்னு நான் இன்னொரு ஜாங்கிரி எடுத்துக்கிட்டேன்.

ஆளுங்களை நிரப்பினேன். தலைவர், நான். சபை, தட்டுக்கு ஒருத்தரா மூணு பேர். மேல் தட்டுக்கு யாரு வருவா? இருபதாம் நம்பர் சொந்தக்காரர் பாளை மார்க்கெட்ல கடை வச்சிருக்கார், இங்க குடியிருக்கலை, அவரை இழுத்துப் போட்டேன். அப்புறம் நீதிபதி. தலைவர் நியமிக்கலாம், சபை சம்மதிக்கணும், நியமிச்சா ஆயுசுக்கும் எடுக்க முடியாது. அந்தப் புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. யாருக்கும் பயப்படாம தீர்ப்பு சொல்லணும்னு வச்சிருக்காங்களாம். நான் யோசிச்சேன். ஆயுசுக்கும் எடுக்க முடியாத ஆள்னா நம்ம சொல்லைக் கேக்க ஆளா இருக்கணும். யாரு இருக்கா? முப்பத்தெட்டு வருஷமா நான் சொன்ன எதுக்கும் அவ எதிர்த்துப் பேசினதில்ல. எக்ஸ்சேஞ்சுல ஊர்ப் பேச்செல்லாம் காதுல விழும், ஒரு வார்த்தை வெளிய விட மாட்டா. உலகம்மா பேரைச் சொன்னேன். சபை மூணு பேரும் உடனே கையைத் தட்டினாங்க. எனக்குத்தான் தட்டுதாங்கன்னு நினைச்சேன்.

மாசி மாசம் வரைக்கும் சாசனம் சும்மா கண்ணாடிச் சட்டத்துக்குள்ள, மோட்டார் ரூம் சுவத்துல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. மாசியில தனசிங் சம்சாரம் ஜெபராணி மொட்டை மாடியில நெத்திலி காயப்போட்டா.

நாங்க சைவம், பாத்துக்கிடுங்க. நான் குடியிருக்கது தரைத் தட்டு. மாடிக்கும் எனக்கும் நடுவுல ரெண்டு தட்டு. உண்மையைச் சொல்லணும்னா நாத்தம் எனக்கு வரலை. ஆனா வரலாம்ல? காத்து மாறினா? வருமுன் காக்கதுக்குத்தான் தலைவர். அன்னைக்கே மொட்டை மாடிக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்புல முடிஞ்சுக்கிட்டு, ‘தலைவர் உத்தரவு, எண் ஒன்று’ன்னு எழுதி ஒட்டிட்டேன்.

சபை கூடிச்சு. ‘மாடியைத் திறக்க வேண்டும்’னு ரெண்டுக்கு ஒண்ணு தீர்மானம். இப்படி வரும்னு தெரிஞ்சுதானே அமெரிக்காக்காரன் தலைவருக்கு ஒரு ஆயுதம் கொடுத்திருக்கான்! சபை தீர்மானத்தைத் தலைவர் வேண்டாம்னு திருப்பி அனுப்பலாம். அதுக்கு வீட்டோன்னு பேரு. அனுப்பினேன். ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு தம்பி. எந்தச் சங்கத் தலைவன் வாழ்நாள்ல வீட்டோ போட்டிருக்கான்? ராத்திரிச் சாப்பாடு ரெண்டு இட்லி கூடவே இறங்கிச்சு. ஆனா சபை மூணுல ரெண்டு பங்கு சேந்தா அந்த மறுப்பை மீறிரலாம்னும் நானே எழுதியிருக்கேன். மூணு பேர்ல ரெண்டு பேர் என்ன பங்கு? மூணுல ரெண்டு. முதல் தடவையே அவங்க ரெண்டு பேர்தானே! நான் என்னைக்கு வீட்டோ போட்டாலும் மறுநாள் அதே ரெண்டு பேர் மீறிருவாங்க. அமெரிக்காக்காரன் நூத்துக்கணக்குல ஆளை வச்சிருக்கான், அவனுக்குச் சரிப்பட்டு வருது. நான் மூணு பேரை வச்சுக்கிட்டு அதே கணக்கைப் போட்டுட்டேன்.

சரி, தீர்மானம் அவங்ககிட்ட, சாவி என்கிட்டன்னு இருந்தேன். அங்கதான் வாச்மேன் பேச்சிமுத்து வாரான். இப்ப உங்களை இங்க அனுப்பினானே, அவன்தான். பதினோரு வருஷமா இருக்கான். அவன்கிட்ட இன்னொரு சாவி இருந்திருக்கு. சபை சொல்லிட்டாங்களேன்னு கதவைத் திறந்துவிட்டுட்டான். மறுநாள் காலையில பாக்கேன், நெத்திலி பாய் விரிச்சுக் கிடக்கு, பக்கத்துல ஒரு குடை வேற பிடிச்சு வச்சிருக்கான், காக்கா வராம.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்னால, ‘உன்னை வேலையிலிருந்து நீக்கியிருக்கிறேன். சிவசைலம், தலைவர்’னு எழுதி அவன் கையில கொடுத்தேன். அவன் படிச்சுட்டு, “அய்யா, மக நர்சிங் கடைசி வருஷம்யா”ன்னான். அவ்வளவுதான் சொன்னான். நான் திரும்பி நடந்துட்டேன். வீட்டுக்கு வந்து பேப்பர் படிச்சேன். என்ன படிச்சேன்னு கேக்காதீங்க. அவன் மூணு நாள் கேட்டுக்கு வெளிய தூக்குவாளியை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். உள்ள வரலை. உலகம்மா அவனுக்குச் சோறு கொண்டுபோனா. என்கிட்ட கேட்டுட்டுப் போகலை.

நாலாம் நாள் தனசிங் ஒரு மனு எழுதிக் கொடுத்தான். பேச்சிமுத்து எதிர் தலைவர். நீதிபதி முன்னிலையில. இதே ஹால்லதான் விசாரணை.

அன்னைக்குக் காலையில தம்பி, எனக்கு இட்லிக்கு மூணு வகைச் சட்னி அரைச்சிருந்தா. தேங்காய், தக்காளி, மல்லி. நான் கேஸ் ஜெயிச்சாச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். முப்பத்தெட்டு வருஷத்துல மூணு சட்னி தலைதீபாவளிக்கு மட்டும்தான் பாத்திருக்கேன்.

பத்து மணிக்கு எல்லாரும் வந்தாங்க. அவ சாப்பாட்டு மேஜை நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தா. கையில ஒரு நாப்பது பக்க நோட்டு. நான் வழக்கம் போல ஈசிசேர்ல சாஞ்சிருந்தேன். “ஏங்க, கொஞ்சம் எந்திரிச்சு நின்னு சொல்லுங்க. பேச்சிமுத்து நிக்கான்ல”ன்னா. எந்திரிச்சேன். என் வீட்டுல, என் ஈசிசேர்ல இருந்து.

“மாடியைப் பூட்ட உங்களுக்கு அதிகாரம் எந்த ஷரத்துல இருக்கு?”ன்னு கேட்டா. நான் தலைவர், பொது நன்மை, காத்து மாறினா நாத்தம் வரலாம், எல்லாம் சொன்னேன். அவ கண்ணாடியைப் போட்டுக்கிட்டு சாசனத்தைத் திருப்பி, “தலைவருக்கு எழுதிக் கொடுத்த அதிகாரம் மட்டும்தான் உண்டு, எழுதாதது எல்லாம் குடியிருப்போர் கையிலன்னு ஆறாம் ஷரத்து சொல்லுது. இதுல மோட்டார் போடலாம்னு இருக்கு, கொடி ஏத்தலாம்னு இருக்கு, மாடியைப் பூட்டலாம்னு இல்ல”ன்னா. அது நான் அந்தப் புத்தகத்துல பாத்து ஆசை ஆசையா எழுதின ஷரத்து. படிக்க கம்பீரமா இருந்துச்சு, அதனால சேத்தேன்.

அப்புறம், “இவனை நீக்குமுன்னே இவன் பக்கத்தைக் கேட்டீங்களா?”ன்னா. “கேக்க என்ன இருக்கு?”ன்னேன். அவ கண்ணாடியைக் கழட்டிட்டு என்னையே பாத்தா. அந்தப் பார்வையை நான் அதுக்கு முன்னால பாத்ததில்ல. பாத்திருப்பேன், கவனிச்சதில்ல போல. “கேக்கலை”ன்னு சொன்னேன். நோட்டுல எழுதிக்கிட்டா.

மாடியைத் திறக்கணும், பேச்சிமுத்து வேலை அப்படியே இருக்குன்னு வாசிச்சா. சரி, அதோட முடிஞ்சுதுன்னு உக்காரப் போனேன். “இன்னும் ஒண்ணு இருக்கு”ன்னு சொல்லிட்டு உள்ள போனா. பீரோ திறக்க சத்தம் கேட்டுச்சு. சேலைக்கு அடியில இருந்து பழைய பச்சைத் தாள் கட்டு ஒண்ணைக் கொண்டாந்து மேஜையில வச்சா. இந்த வீட்டுக் கிரயப் பத்திரம்.

அவ பேர்ல இருக்கு தம்பி.

பேருக்குத்தான் அவ பேரு, பாத்துக்கிடுங்க. அப்ப டெலிபோன் ஆபீஸ்ல லோன் ஈசியாக் கொடுத்தாங்க. பதினெட்டு வருஷம் அவ சம்பளத்துல பிடிச்சாங்க, அது ஒரு வசதிக்கு. நான்தான் இடம் பாத்தேன், நான்தான் பத்திரம் எழுதினேன், “இங்கன போடு”ன்னு விரலை வச்சுக் காட்டினேன், அவ போட்டா. எத்தனை ஆயிரம் பத்திரத்துல பேரு சரியா இருக்கான்னு பாத்திருப்பேன்! என் வீட்டுப் பத்திரத்தை ஒரு தடவை எடுத்துப் பாக்கணும்னு தோணலை பாருங்க. “ரெண்டாம் ஷரத்துப்படி இவரு தலைவரா நிக்க உரிமை இல்ல. இவரு சாசனத்துக்குக் கீழ ஒரு நாள்கூட தலைவரா இருந்ததில்ல. இவரு போட்ட உத்தரவு எதுவும் செல்லாது”ன்னு வாசிச்சு நோட்டை மூடினா. அவளை ஜட்ஜா நியமிச்சது மட்டும் செல்லும், ஏன்னா அதுக்குச் சபை தனியாச் சம்மதம் கொடுத்துருச்சு. அதையும் யோசிச்சு வச்சிருக்கா!

தனசிங் சிரிக்கலை. அதைச் சொல்லணும். சிரிச்சிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும். எல்லாரும் போனப்புறம் நான் கேட்டேன், “அன்னைக்குப் பிரதி எடுக்கும்போதே உனக்குத் தெரியும்லா?” “தெரியும். கேட்டேன்லா”ன்னா. “பின்ன ஏன் சொல்லலை?” “நீங்கதான் யோசிக்கதுக்கு ஆள் இருக்குன்னு சொன்னீங்க”ன்னு சொல்லிட்டு மாவு அரைக்கப் போயிட்டா. எனக்கு அழுகை வந்துச்சு தம்பி, வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன். ஒன்பது வருஷம்! காலையில எந்திரிச்சா மோட்டார் ரூமைத் திறக்கணும், தொட்டியைப் பாக்கணும், நோட்டீஸ் ஒட்டணும். அந்தத் தலைவர் சாவிக்கொத்து இல்லாம இடுப்பு லேசா இருக்கு. ரிட்டயர் ஆனப்போ கூட இப்படி இல்ல.

இப்ப தலைவர் பதவி காலி. ஒரு ஆளுக்கு ஒரு பதவிதான்னும் எழுதித் தொலைச்சிருக்கேன், அதனால அவளும் ஆக முடியாது. வர்ற ஞாயித்துக்கிழமை தேர்தல். சொந்தக்காரங்க ஒருத்தரும் நிக்க மாட்டேங்காங்க. தேர்தல்னா எந்திரிச்சுப் போறாங்க, எப்பவும் போல. அதுவரைக்கும் சாவியெல்லாம் ஜட்ஜம்மாகிட்ட. அதனாலதான் பேச்சிமுத்து உங்களை இங்க அனுப்பினான்.

அப்ப எனக்கு ஒரே வழி, சாசனத்தைத் திருத்தணும். திருத்தலாம்! அதுக்கும் அந்தப் புத்தகத்துல இடம் இருக்கு. அவங்களே இருபத்தேழு தடவை திருத்தியிருக்காங்க. ஒரு தடவை சாராயம் கூடாதுன்னு திருத்திட்டு, அப்புறம் தாகம் தாங்காம அதையே திருப்பித் திருத்தியிருக்காங்க. மனுஷன் எழுதினதுதானே? இந்தா பாருங்க, முதல் திருத்தம். ‘இவ்வடுக்ககத்தில் குடியிருப்பவர் எவராயினும், பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், நிற்கவும் வாக்களிக்கவும் உரிமை உடையவர்.’ அருமையா இருக்குல்ல? சந்தா கொடுக்கவனுக்கு ஓட்டு இல்லன்னா அது என்ன நியாயம் தம்பி? இதுக்காகத்தான் அவங்க ராஜாவையே விரட்டியிருக்காங்க. வாடகைக்காரன்னா மனுஷன் இல்லையா? நான் இப்ப அதைத்தான் ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லிக்கிட்டு இருக்கேன். பொத்தானைப் போடாதீங்க, போகலாம், இருங்க.

இருபத்துநாலு வீட்டுல மூணுல ரெண்டு, பதினாறு கையெழுத்து வேணும். திருத்தத்துக்கு மட்டும் சொந்தக்காரர் பவர் கொடுத்தா குடியிருக்கவர் போடலாம். பதினஞ்சு வாங்கிட்டேன். அதுல பதினொண்ணு வாடகை வீடு. தனசிங் முதல் ஆளாப் போட்டான். பேச்சிமுத்து போட முடியாது, ஆனா பேனா கொடுத்தான். பாக்கி இருக்கதெல்லாம் பூட்டின வீடு, இல்லன்னா எந்திரிச்சுப் போற ஆளுங்க. உங்க வீட்டுக்காரர் மஸ்கட்ல இருந்து, யாரு குடிவாராங்களோ அவங்க போட்டுக்கிடட்டும்னு பவர் அனுப்பிட்டார். நீங்க அட்வான்ஸ் கொடுத்துட்டு இங்கன ஒரு கையெழுத்து. பதினாறு.

என்னது? எங்க வீட்டுக் கையெழுத்து எங்கயா? ரெண்டாம் நம்பர். இருக்கும், நான் முதல்லயே... இல்ல. நான் போட முடியாதுல்ல. நான் சொந்தக்காரன் இல்லையே. அப்ப ரெண்டாம் நம்பருக்கு நேரா... ஆமா தம்பி. காலியாத்தான் இருக்கு.

அவகிட்ட நான் கேக்கவே இல்ல. மூணு வாரமா ஒவ்வொரு தட்டா ஏறி இறங்கியிருக்கேன். மும்பைக்குப் போன் போட்டிருக்கேன். மார்க்கெட் கடையில நின்னு கெஞ்சியிருக்கேன். காலையில அவ கையால காப்பி வாங்கிக் குடிச்சுட்டுத்தான் கிளம்புவேன். எனக்குத் தோணவே இல்ல பாருங்க.

அந்தா வாரா. வா உலகம்மா. இந்தத் தம்பி இருபத்திரண்டாம் நம்பர் பாக்க வந்திருக்கார். கையில என்ன, மோர் மிளகாயா? மாடியில காயப்போட்டதா? ஜெபராணி எடுத்துக் கொடுத்தாளா? சரி, சரி. அதை வச்சுட்டு இங்கன வா. ஒரு கையெழுத்து... இந்தா பேனா, இங்கன போ... இல்ல. உக்காரு. உக்காந்து படிச்சுப் பாரு. கண்ணாடி டி.வி. மேல இருக்கு. உனக்குச் சரின்னு பட்டா போடு. இல்லன்னா வேண்டாம்.

இப்படி நான் அவகிட்ட கேட்டதில்ல தம்பி.

என்ன? சொல்லு. கேட்டீங்களா தம்பி, அவ என்ன கேக்கான்னு? குடியிருக்கவர் எவரும் நிக்கலாம்னா தனசிங்கும் நிக்கலாம்லா, அவன் நின்னா நீங்க தோத்துருவீங்களே, சொந்தக்காரரும் அவர் குடும்பத்து ஆளும் மட்டும்னு மாத்திக்கிடுதீங்களா, அந்த ஒரு வரியை அடிச்சுத் தரவான்னு கேக்கா.

எனக்கும் தெரியும். படியேறி இறங்கும்போதெல்லாம் தெரியும். அவன் நின்னா மேல் தட்டு பூரா அவனுக்கு. நடுத் தட்டும் பாதி அவனுக்கு. எனக்கு என் ஓட்டு ஒண்ணு. அதுவும் முதல் தடவையா கிடைக்கப்போற ஓட்டு.

அடிக்காதே உலகம்மா. பதினஞ்சு பேர் படிச்சுக் கையெழுத்துப் போட்ட தாள் அது. கையெழுத்துக்கு அப்புறம் ஒரு வரியை அடிச்சு மாத்திக்கிட்டு எவனாவது என் மேஜைக்கு வந்திருந்தா, அவன் முகத்துல விட்டெறிஞ்சிருப்பேன். முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு தடவை கூட அப்படி ஒண்ணை நான் பதிஞ்சதில்ல. இப்ப என் கையாலயா? இருக்கட்டும். அவன் நிக்கணும்னா நிக்கட்டும். நானும் நிப்பேன். தோத்தா தோத்துட்டுப் போறேன்.

நீ என்ன அப்படிப் பாக்கே? படி. முழுசாப் படி. அவசரம் இல்ல.

தம்பி, நீங்க காப்பி சாப்பிடுவீங்கள்ல? நானே போடுதேன். பால் ப்ரிட்ஜ்ல இருக்கும். சீனி எங்க இருக்குன்னு மட்டும்தான் தெரியாது. கேக்கலாம், ஆனா ஜட்ஜு படிச்சுக்கிட்டு இருக்கும்போது தொந்தரவு பண்ணக்கூடாது. ஒவ்வொரு டப்பாவாத் திறந்து பாக்கேன்.